ஆடிக் காற்றில் போன ட்ரோன்

2022-ம் வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவைக்குக் கிழக்கே அரசூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்திலிருந்து ட்ரோனை ஏற்றினேன். கடையில் வாங்கியதல்ல, நானே கூட்டிச் சேர்த்தது. கார்பன் ஃபைபர் சட்டம், நான்கு பிரஷ்லெஸ் மோட்டார், ஃப்ளைட் கன்ட்ரோலர், ஜிபிஎஸ், கேமரா, லிப்போ பேட்டரி எல்லாம் சேர்த்து 700 கிராம். பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறை எங்களுடையது. மோட்டார், பேரிங், பேலன்ஸ் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த வார்த்தைகள். அதனால் இந்தப் பொழுதுபோக்கு என்னைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரும் இப்படித்தான் உள்ளே வந்தார்கள்.

நூறு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, தென்னைகளுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தேன். பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. திடீரென்று படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. திரையில் சாட்டிலைட் எண்ணிக்கை பூஜ்யம் ஆனது. ஜிபிஎஸ்ஸுக்குப் போகும் மெல்லிய ஒயர் சாலிடரில் விட்டுப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஜிபிஎஸ் இல்லாவிட்டால் ட்ரோனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. உள்ளே இருக்கும், காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரை வைத்து உயரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வா என்றாலும் வராது, வழி தெரிந்தால்தானே வரும். கையால் ஓட்டிப் பிடிக்க முடியாவிட்டால், அப்புறம் அது காற்றுக்குச் சொந்தம்.

ஆடியில் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே பாயும் அந்தக் காற்றுக்காகத்தான் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. என் கண்ணெதிரே ட்ரோன் சாய்ந்து சாய்ந்து கிழக்கே போய், வெயிலில் ஒரு கரும்புள்ளியாகி, காணாமல் போனது.

சாயங்காலம் ஒரு போன் வந்தது. ட்ரோனின் அடியில் என் எண்ணை எழுதி ஒட்டியிருந்தேன், அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்திருந்தேன். இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டம். போனேன். வயதான ஒரு அம்மா திண்ணையில் ட்ரோனைத் துணிமேல் வைத்திருந்தார்.

"ஏனுங் தம்பி, இது உங்களதுங்களா?"

"ஆமாங்க."

"கட்டுத்தறிக்குப் பக்கத்துல வந்து உழுந்துச்சுங். மாடு மெரண்டு கவுத்தை அத்துக்கிட்டு ஓடிப் போச்சு. மத்தியானம் வரைக்கும் தேடுனோம். சினை மாடுங் தம்பி."

மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிற்றுக்காவது பணம் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார். "மேல உடறதுக்கு முன்னாடி கீழ ஆரு இருக்கறாங்கன்னு பாத்து உடுங் கண்ணு" என்று மட்டும் சொன்னார். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு உடைந்த ட்ரோனோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாடு ஒரு காரணம். இன்னொரு காரணம் காந்திபுரம்.

இரண்டு மாதம் முன்பு, வைகாசியில், கோவை நகருக்குள் காந்திபுரத்தில் நண்பன் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். மொட்டை மாடியிலிருந்து இதே ட்ரோனை ஏற்றி, தெருவையும் பந்தலையும் சொந்தபந்தங்களையும் படம் எடுத்தேன். எல்லோரும் மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள். அன்றைக்கும் மேல்காற்று இருந்தது. அந்த ஒயர் அன்றைக்கே விட்டுப் போயிருந்தால்?

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நொடிக்கு 8 மீட்டர் என்பது எங்கள் ஊரில் அப்படியொன்றும் பெரிய காற்றில்லை. பத்து நிமிடத்தில் 4.8 கிலோமீட்டர். முழு பேட்டரியில் என் ட்ரோன் பதினெட்டு நிமிடம் நிற்கும். காந்திபுரத்துக்கு ஏறக்குறைய நேர் கிழக்கில் என்ன இருக்கிறது? பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையம். நடுவில் ஆறேழு கிலோமீட்டர். பதினான்கு நிமிடத்தில், ஒரே உயரத்தில், யார் கையிலும் இல்லாமல், 700 கிராம் கார்பனும் செம்பும் லித்தியமும் விமான நிலையச் சுவரைத் தாண்டியிருக்கும்.

அதுவரை விமான நிலைய விதிகளை நான் ஒரு தொந்தரவாகத்தான் பார்த்து வந்தேன். அன்றிரவுதான் முதல் தடவையாக அவற்றை முழுசாக உட்கார்ந்து படித்தேன். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான். எங்கள் பக்கத்தில் ட்ரோன் பறக்கவிடுகிற பலர் இன்னும் அவற்றைப் படிக்கவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள். அதே வருடம் மார்ச்சில் வந்த கடுமையான விதிகளை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 2014 அக்டோபரிலிருந்து 2018 கடைசி வரை, சிவில் ட்ரோனுக்கு நாட்டில் இடமே இல்லை. அதனால் 2021 விதிகள் வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டது நியாயம். உரிமக் கட்டணங்கள் குறைந்தன, படிவங்கள் குறைந்தன. 2 கிலோ வரையுள்ள ட்ரோனைத் தொழிலுக்கு அல்லாமல் பறக்கவிடுகிறவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்றானது. என்னைப் போல வீட்டில் செய்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர்களின் மாடல் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழும், அதாவது அந்த ரக ட்ரோனைச் சோதித்துத் தரும் சான்றிதழும், தேவையில்லை. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டது 2021 ஜூன் 27 அன்று. அது நடந்து இரண்டே மாதத்தில் இந்தத் தளர்வு வந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் மூடியிருக்கலாம், மூடவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

விமான நிலையத்தைச் சுற்றிய வட்டங்கள்தான் முக்கியம். சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. மத்திய அரசு அனுமதித்தால் தவிர அங்கே ஏற்றவே கூடாது. 5-லிருந்து 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் அனுமதி வாங்கித்தான் ஏற்ற வேண்டும். 8-லிருந்து 12 வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் வரைக்கும் பச்சை, அனுமதி வேண்டாம்; அதற்கு மேலே மஞ்சள். 12-ஐத் தாண்டிவிட்டால், வேறு தடை இல்லாத இடங்களில் 400 அடி வரை பச்சை. இந்த மஞ்சள் எல்லை முன்பு 45 கிலோமீட்டராக இருந்தது. பீளமேட்டிலிருந்து 45 கிலோமீட்டர் என்றால் திருப்பூர், அவிநாசி, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி எல்லாம் உள்ளே. அதை 12 ஆகக் குறைத்துத் தந்திருக்கிறார்கள்.

என் தப்பு இப்போது புரிந்திருக்கும். 400 அடி என்ற எண் மட்டும் என் மனதில் பதிந்திருந்தது. எங்கள் தோட்டம் 8-க்கும் 12-க்கும் நடுவில் விழுகிறது. எனக்கு அனுமதி இல்லாமல் கிடைப்பது 60 மீட்டர், நான் நிறுத்தியதோ 100 மீட்டர். காந்திபுரம் மாடி முழு மஞ்சள், அங்கே யாரிடமும் கேட்கவில்லை. யாரும் என்னைப் பிடிக்கவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள்.

அரசூர், நீலாம்பூர், சூலூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மேற்கே பீளமேடு, தென்கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களின் முதல் இரண்டு படைப்பிரிவுகள் சூலூரில்தான் வளர்ந்தன. சாரங் ஹெலிகாப்டர் குழுவும் அங்கேதான். 2021 டிசம்பர் 8 அன்று ஜெனரல் பிபின் ராவத் வெலிங்டனுக்குக் கிளம்பியதும் அந்த ஓடுபாதையிலிருந்துதான். ஆக நாங்கள் இரண்டு வட்டங்களுக்கு நடுவில் குடியிருக்கிறோம். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள ட்ரோன் வரைபடத்தில் இடத்தைக் குத்திப் பார்க்காமல் இந்தப் பக்கத்தில் எதையும் ஏற்றக்கூடாது.

ட்ரோன் பறக்கவிடுகிற எங்கள் குழுவில் ஒரு வாதம் அடிக்கடி வரும். நானும் பேசிய வாதம்தான். தரையிறங்கும் விமானம் மூன்று டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதையிலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருக்கும். 8 கிலோமீட்டரில் 1,400 அடி, 5 கிலோமீட்டரில் 850 அடி. அப்படியிருக்க நான் 300 அடியில் பறந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கணக்கு சரிதான். ஆனால் எல்லா நாளும் எல்லா விமானமும் அந்தச் சரிவில் வருவதில்லை. ஹெலிகாப்டர் அந்தச் சரிவில்தான் வர வேண்டும் என்றில்லை. ஏறும்போது ஒரு இன்ஜின் போய்விட்ட விமானம் மெல்லத்தான் ஏறும். போதாததற்கு, நம் திரையில் தெரியும் உயரம் நாம் ஏற்றிய இடத்திலிருந்து அளந்தது. மலைமேல் நின்று ஏற்றினால் அதுவே பூஜ்யம், அங்கிருந்து அடிவாரத்துக்கு மேலே போனால் திரை ஒன்று சொல்லும், நிஜம் வேறொன்றாக இருக்கும். என் அனுபவத்தில் இதையெல்லாம்விடப் பெரியது, முதலில் சொன்ன காற்று. வட்டத்தை வரைந்தவர்கள், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் ட்ரோனை மட்டும் மனதில் வைத்து வரைந்திருக்க முடியாது. ஒயர் விட்டுப்போன ட்ரோனுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். என் ட்ரோன் ஐந்து நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் போனது. 5 கிலோமீட்டர் சிவப்பும் அதற்கு வெளியே 3 கிலோமீட்டர் முழு மஞ்சளும் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

700 கிராம்தானே, பருந்து வந்து விமானத்தில் மோதுவதில்லையா என்பார்கள். பருந்து சதை, ட்ரோன் உலோகம். 2018-ல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த ட்ரோனை, சிறிய விமானம் ஒன்றின் இறக்கைமேல் மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் எய்தார்கள். இறக்கையின் தகட்டைக் கிழித்து உள்ளே போய் முக்கிய உத்திரத்தையே சேதப்படுத்தியது. அதே எடையுள்ள பறவைக்குப் பதிலாக ஜெலட்டினை எய்தபோது இறக்கையின் முன்விளிம்பு அதிகம் நசுங்கியது, ஆனால் அவ்வளவு ஆழமாக உள்ளே போகவில்லை.

எனக்குப் புரியும்படி நானும் ஒரு கணக்குப் போட்டேன். விமானம் மணிக்கு 250 கிலோமீட்டரில் வருகிறது, என் ட்ரோன் நிற்கிறது. மோதினால் வெளிப்படும் ஆற்றல் 1,700 ஜூல். அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினோரு அடி உயரத்திலிருந்து விழுகிற அடி, உள்ளங்கை அகலத்தில். பட்டறையில் மூட்டை தூக்கியவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும்.

2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் ஒரு பொழுதுபோக்கு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் ஊர் எரியும்போது அது சில நாள் தரையில் நின்றது. ஓட்டியவர் தீவிரவாதியும் இல்லை, ஒன்றும் இல்லை. தீயின் சேதத்தைப் பார்க்க ஏற்றியிருக்கிறார், தூரம் போனதும் ட்ரோன் பார்வையை விட்டுப் போய்விட்டது. படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்த ஆளின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

மோத வேண்டும் என்றுகூட இல்லை, இருக்கிறதோ என்ற சந்தேகம் போதும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக்கில் ட்ரோன் பார்த்ததாகத் தகவல் வந்து, கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிற நேரத்தில் சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டில் 2023 நவம்பர் 19 அன்று இம்பாலில் வானத்தில் அடையாளம் தெரியாத ஏதோ தெரிந்தது என்று விமானங்களை நிறுத்தியும் திருப்பியும் விட்டார்கள். பீளமேட்டில் இருப்பது ஒரே ஓடுபாதை. அது ஒரு மணி நேரம் மூடினால் இன்னொன்றில் இறக்க வழியில்லை.

இப்போது என் வருத்தத்தையும் சொல்கிறேன்.

அவிநாசி ரோட்டில் ஹோப்ஸ், சித்ரா, சின்னியம்பாளையம் வரை எத்தனை மண்டபம், எத்தனை கல்லூரி, கொடிசியா கண்காட்சி வளாகம். எல்லாம் விமான நிலையத்தை ஒட்டியவை. முகூர்த்த நாளில் ட்ரோன் கேட்காத கல்யாண வீடு இல்லை. ஆல்பம் பேசும்போதே ட்ரோனும் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். என் தங்கை மகன் கல்யாணத்தில் வீடியோ எடுக்க வந்த தம்பியிடம் கேட்டேன், "இங்க ஏத்தலாமுங்களா?" "250 கிராமுக்குக் கீழதானுங்ணா, அதுக்கு எதுவும் வேண்டாம்" என்றார். இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. இது தப்பு. 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்குச் சில சலுகைகள் உண்டு, வான்வெளி வட்டத்தில் சலுகை கிடையாது. 249 கிராமாக இருந்தாலும் சிவப்பு சிவப்புதான். வரைபடத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. எட்டு வருடமாக இதே ரோட்டில் எடுக்கிறேன், யாரும் சொல்லவில்லை என்றார். அன்று ட்ரோன் ஏறவில்லை. தங்கைக்கு என்மேல் ஒரு வாரம் கோபம்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் குறையில்லை. ஒரு பூச்சிமருந்து பாட்டில் வாங்கினால்கூட அதில் தமிழில் எச்சரிக்கை இருக்கிறது. ட்ரோன் பெட்டியில், நம் ஊர் வட்டங்களைக் காட்டி, தமிழில் ஒரே ஒரு தாள் வைக்க முடியாதா? விற்கிற கடை வைக்கலாம், காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் அச்சடித்துத் தரலாம். முக்கியப் பிரமுகர்கள் வரும்போது 96 மணி நேரம் வரைக்கும் தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்க விதியில் இடம் இருக்கிறது. அதைப் பேப்பரில் பார்த்தால் உண்டு, பார்க்காதவன் அன்றைக்கும் ஏற்றுவான்.

2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதியை நிறுத்தினார்கள், உதிரிபாகங்கள் மட்டும் வரலாம். அதனால் கூட்டிச் சேர்க்கும் கைகள் பெருகியிருக்கின்றன. பொறியியல் கல்லூரிப் பையன்கள், பட்டறைக்காரர்கள், மோட்டார் காயில் கட்டுகிறவர்களின் பிள்ளைகள். கோவைக்கு இது பெரிய சொத்து. ஆனால் கடையில் வாங்கும் ட்ரோனில் இருக்கிற மென்பொருள் எச்சரிக்கை எங்கள் கையால் செய்ததில் இல்லை. வட்டத்துக்குள் போனாலும் அது ஒன்றும் சொல்லாது. நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 செப்டம்பரில் புதிய ட்ரோன் மசோதாவின் வரைவு கருத்துக் கேட்புக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற மீறல்களுக்கு அதில் சிறைத் தண்டனையும் இருக்கிறது. விமான நிலையச் சிவப்பு வட்டத்தில் தெரிந்தே ஏற்றுகிறவனுக்குச் சிறை என்றால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் தோட்டத்தில் நின்று தான் செய்த மாடலை ஓட்டிப் பார்க்கும் கல்லூரிப் பையனையும் அதே கயிற்றில் கட்டக்கூடாது. பயம் வந்தால் பையன்கள் நிறுத்த மாட்டார்கள், மறைந்து ஓட்டுவார்கள். மறைந்து ஓட்டுகிறவன் ட்ரோனில் தன் போன் எண்ணை எழுதி ஒட்ட மாட்டான். என் எண் ஒட்டியிருந்ததால்தான் அந்த அம்மா என்னைக் கூப்பிட முடிந்தது.

அதற்குப் பதில் எங்களுக்கு ஒரு இடம் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. ஊருக்கு வெளியே, வட்டங்களுக்கு வெளியே, வேலி போட்ட பத்து ஏக்கர் தரிசு. கூடைப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் இருப்பதுபோல.

இப்போதைக்கு நாங்களே ஒன்று பார்த்துக்கொண்டோம். காங்கேயம் தாண்டி ஒரு கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சுற்றிலும் கிளுவை வேலியும் உள்ள மேய்ச்சல் நிலம். உயரமான மரம் இல்லை, மின்கம்பி இல்லை, வரைபடத்தில் பச்சை. நிலத்துக்காரர் மாடுகளை வேறு காட்டுக்கு ஓட்டிவிட்ட நாட்களில் மட்டும், முந்தின நாள் போன் செய்து கேட்டுவிட்டுப் போவோம். மாதம் இரண்டு ஞாயிறு, ஐந்தாறு பேர், ஒரு வேனில். ட்ரோன் கேமராவின் படம் தெரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் வெறுங்கண்ணோடு வானத்தையும் வேலியையும் பார்த்துக்கொண்டே நிற்பான். எல்லா ஒயரையும் கிளம்பும் முன் இழுத்துப் பார்ப்போம், ஜிபிஎஸ் சாலிடரை இரண்டு தடவை. வேலி மூலையில் மூங்கிலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். அது படுத்தவாக்கில் நின்று அடித்துக்கொண்டால் அன்று ஏற்றுவதில்லை.

போன ஆடியில் மூன்று ஞாயிறும் அப்படித்தான் ஆனது. அறுபது கிலோமீட்டர் போய், துணியைப் பார்த்துவிட்டு, வேனின் நிழலில் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். புதிதாக வந்த பையனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு நிமிடம், பத்தடி உயரம், ஏத்திப் பார்க்கலாமாண்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனிடம் அந்தச் சினை மாட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, கையிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.